பெயரிலிருந்து விழுந்த புள்ளி

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம், மாசாயில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. நான் முதன்முதலாகச் செய்த மணமக்கள் பெயர்ப்பலகையைக் காரில் கொண்டுபோயிருந்தேன்.

அதற்கு முன்பு செனாயில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டரில் வரைபடம் வரையும் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு, அக்ரிலிக் தகட்டில் தமிழ் எழுத்துகளை வெட்டிப் பெயர்ப்பலகை செய்து விற்கலாம் என்று இறங்கினேன். வெட்டும் இயந்திரத்துக்கு ஏற்றபடி எழுத்தை வரைவது, வெளிச்சம் பார்த்துப் படம் பிடிப்பது, விலை கேட்பவர்களிடம் தயங்காமல் பேசுவது என்று கற்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகப் பழகினேன். ஒருத்தியைப் பார்த்து வயிறு எரியாமல் இருப்பதற்கு மட்டும் பயிற்சி எதுவும் கிடைக்கவில்லை.

அவள் ஸ்கூடாயில் கல்லூரியில் என்னோடு படித்தவள். வரைபட வகுப்பில் பக்கத்து மேசை. அவள் போட்ட கோடுகளை எத்தனையோ முறை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இதே தொழிலில் எனக்கு முன்பே இறங்கியவள். அவளுடைய பலகைகளின் படம் போனில் வந்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குறை தேடுவேன். இடைவெளி சரியில்லை, ‘ழ’வின் வால் தடித்துவிட்டது என்று கண்டுபிடிப்பேன். முக்கியமாக, அவள் எழுத்துகளில் புள்ளிகள் தனியாக நிற்காது. எழுத்தின் தலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். புள்ளி வைக்கக்கூடத் தெரியவில்லை, இவளிடம் போய் ஆர்டர் கொடுக்கிறார்களே என்று இருக்கும். படத்துக்குக் கீழே, “எப்ப கிடைக்கும் சிஸ்?” என்று ஆள் மாற்றி ஆள் கேட்டிருப்பார்கள். என் படங்களுக்குக் கீழே என் சித்தி போட்ட பூங்கொத்து மட்டும் இருக்கும்.

அந்த நிலைமையில்தான் மணப்பெண்ணின் அக்கா என்னை அழைத்தார். “நல்லா வந்துச்சுன்னா எங்க குடும்பத்துல அடுத்தடுத்துக் கல்யாணம் இருக்கு, உங்களுக்கே தரேன்” என்றார். எங்கள் வீட்டிலோ, இதுவும் சரிவராவிட்டால் பேசாமல் செனாய்க்கே திரும்பிப் போ என்று சொல்லியிருந்தார்கள்.

மண்டப வாசலில் பலகையை இறக்கி, சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். பெண்ணின் பெயரில் பின்பாதி ‘செல்வி’. அதில் ‘ல்’லின் மேல் புள்ளி இல்லை. நான் புள்ளிகளைத் தனியாக வெட்டி, அளவெடுத்து, அழகாக ஒட்டியிருந்தேன். வழியெல்லாம் வெயில் ஏறிய காருக்குள் பசை இளகிவிட்டது. மற்ற புள்ளிகளும் விரல் பட்டதும் ஆடின.

அந்தப் பக்கமாக வந்த மாமா ஒருவர் நின்று, எழுத்துக்கூட்டி வாசித்தார். உள்ளே பார்த்து, “மாப்பிள்ளை, இப்பவே ‘செலவி’ன்னு போட்டுட்டாங்க. பர்ஸ பாத்துக்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் அக்கா சிரிக்கவில்லை.

நான் கார் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, “என்னாச்சு லா?” என்று ஒரு குரல். நிமிர்ந்தால், பட்டுப்புடவையில் அவள். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவளாம். பெண்ணின் அக்கா அவளிடம், “நீங்க நம்பர் குடுத்தீங்களேன்னுதான் இவங்கள கூப்பிட்டேன்” என்றார். அவளுக்கு அந்த வாரம் முழுக்க வேலை இருந்ததால் என்னைக் கைகாட்டி விட்டிருக்கிறாள். எனக்கு வந்த ஒரே பெரிய ஆர்டரும் அவளுக்கு மிஞ்சியதுதான். புள்ளி விழுந்ததைவிட அது அதிகமாக வலித்தது.

அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள். “தனியா வெட்டி ஒட்டுனியா? நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒரு நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளையோட புள்ளி பாயசத்துல விழுந்துருச்சு. அதுலேர்ந்து எழுத்தோட சேத்தே வரைஞ்சிடுவேன். ஒரே துண்டா வெட்டிடலாம், விழாது.”

நான் இவ்வளவு நாள் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்த குறை அதுதான்.

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்தாள். மெரூன் நிறக் கல் பொட்டு. “பொண்ணு புடவை என்ன கலரு கா?” என்று கேட்டாள். மெரூன் என்றார் அக்கா. “அப்ப சரி. இருக்கிற புள்ளியெல்லாம் எடுத்துடு, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருவோம்.” அவளே ஒட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அட்டையை என்னிடம் நீட்டினாள். “நீ வை. உன் கைதான் நேரா வரும். காலேஜ்லேயே எனக்கு அதுல பொறாமை.”

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பந்தலில் பூ சரிசெய்யப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு பொட்டாக வைத்தேன்.

மணப்பெண் வந்து பலகையைப் பார்த்தாள். தன் நெற்றியைத் தொட்டு, “எனக்கு வச்ச மாதிரியே இருக்கே” என்று சிரித்தாள். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு முடிவதற்குள் பெண்ணின் அக்கா என்னிடம் வந்து, அடுத்த கல்யாணத்துக்கும் பொட்டு வைத்தே வேண்டும் என்றார். கிளம்பும்போது அவளிடம் நன்றி சொன்னேன். சொல்லும்போதே உள்ளே ஒரு குரல், இது ஏன் உனக்குத் தோன்றவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நான் செனாய்க்குத் திரும்பவில்லை. இப்போது புள்ளியை எழுத்தோடு சேர்த்துத்தான் வரைகிறேன்; பொட்டு கேட்பவர்களுக்கு அதன் மேலேயே ஒட்டிக் கொடுக்கிறேன். அவளுடைய புதுப் படம் போனில் வந்தால் இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போது குறை தேடுவதில்லை, நேரே அவளை அழைத்து எப்படிச் செய்தாய் என்று கேட்டுவிடுகிறேன். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லித் தருகிறாள், அப்படிச் சொல்லித்தர முடிகிற அந்த மனசைப் பார்த்துத்தான் இப்போது எனக்கு அதிகப் பொறாமை.