அன்னாள் அத்தையின் கயிறு

“எங்க அன்னாள் அத்த மணி அடிச்சா இன்னா ஆவும் தெரியுமா? கடலூர் கலெக்டர் வாட்ச்ச திருத்தி வெச்சிப்பாரு. நடுக்கடல்ல மீனு முட்டி போடும். பரலோக வாசல்ல காவல் நிக்கிற இராயப்பரு சாவிய தேடிக்கினு ஓடுவாருடா!”

செலியமேட்டிலிருந்து கோயில் பார்க்க வந்த நவீன்குமாரிடம் லூர்து பிரகாஷ் அளந்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கோயில். ஊசி மாதிரி கூம்பிய கோபுரம், நுனி கூர்த்த சன்னல்கள், வண்ணக் கண்ணாடி. பின்னால் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். செல்ஃபி எடுக்க வந்தவர்களின் பைக்குகள் வாசலில் நின்றன.

பிரகாஷ் காலையிலேயே கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்கில் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்திருந்தான். உச்சிவேளையில் அத்தை இழுப்பார், சத்தம் வராது, திருதிருவென விழிப்பார். சிரிக்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

அன்னாள் பாதி வயதைத் திருபுவனையில் ஒரு கம்பெனியின் மெஷின் இரைச்சலில் கழித்தவர். மணியடித்துக்கொண்டிருந்த கணவர் போனபின் கயிறு அவர் கைக்கு வந்தது. வேறு பிழைப்பும் இல்லை, பிடிப்பும் இல்லை.

உச்சிவேளை. அத்தை இழுத்தார். சத்தமில்லை. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. அத்தையோ முகம் மாறாமல், மூவேளை செபத்தை முணுமுணுத்தபடி இழுத்துக்கொண்டே இருந்தார்.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவை உறுப்பினர் அமிர்தசாமி தலையில் அடித்துக்கொண்டார். “அடப்பாவமே, இந்தம்மாவுக்குக் காது சுத்தமா போச்சா? சாமியார்கிட்ட சொல்லி ஸ்பீக்கர் மணி வெச்சிட வேண்டியதுதான்.”

நவீன்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். பிரகாஷுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தைக்குக் காது கேட்காது என்பது அதுவரை அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா செத்த அன்று துக்கமணி அடித்தது இதே கைகள். கண்ணைத் துடைக்கக்கூட அத்தை கயிற்றை விடவில்லை. ‘நான்தான் கட்டினேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தான். அவன் நாக்கிலும் யாரோ சாக்கைக் கட்டியதுபோல் இருந்தது.

அத்தை கயிற்றைக் கொக்கியில் மாட்டியதும் ஓடிப்போய் எதிரில் நின்றான். “அத்த, இன்னிக்கு மணி சூப்பரு! கடல் வரைக்கும் கேட்டுச்சு!”

அவன் உதட்டையே பார்த்திருந்த அத்தை சொன்னார்: “பொய்யி. நாக்கு பட்டா கயிறு கையில உதறும்டா. இன்னிக்கு உதறவே இல்ல.”

அமிர்தசாமி அத்தையின் எதிரில் வந்து வாயைப் பிளந்தார். “தெரிஞ்சுமா இழுத்தே?”

“செபத்தப் பாதியில வுட சொல்றியாண்ணே?”

பிரகாஷ் மெல்ல நழுவப் பார்த்தான். அத்தை அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“மணி அடிக்கலன்னதும் எல்லாரும் மேல பாத்தாங்க. நீ மட்டும் என்னையே பாத்துக்கினு நின்ன. மேல இன்னாத்தடா கட்டி வெச்சிருக்க? போய் அவுத்துட்டு வா. மறுபடியும் அடிக்கணும்.”