பதினொரு டேக்

அன்றைக்குத் தரம் பிரிக்கும் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி பாய், தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர், தோலைப் புரட்டிக் காட்டும் அக்கா தங்கச்சி இரண்டு பேர், நான். வெள்ளைக்காரர் பேசுவதைத் தமிழில் சொல்லிவந்த குமாஸ்தா வேலையை விட்டுப்போய் ஒரு மாதமாகியிருந்தது.

"நீ எட்டாவது வரைக்கும் படிச்சவன்தானே? அவர் வர்றப்போ நீ நில்லு. முடியலன்னா இப்பவே சொல்லிடு, உன் எடத்துக்கு வேற ஆள் பாத்துக்குறேன்" என்று பாய் சொல்லியிருந்தார். முடியாது என்று சொல்லவும் பயம், முடியும் என்று சொல்லவும் பயம். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆம்பூர் கடைத்தெருவில் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கினேன். டேக் என்றால் எடு. அது பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டியதும் அதன் முகமே மாறியது. டேக் ஆஃப் என்றால் கழற்று. டேக் இன் என்றால் ஏமாற்று. டேக் ஆஃப்டர் என்றால் அப்பன் சாயல். பழகிய நாய் திடீரென்று உறுமினால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

வெள்ளைக்காரர் வருவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு வேளையில் எழுதிப் பார்க்கத் தாள் இல்லை. கழித்துப்போட்ட தோல் ஒன்றை இழுத்து, அதன் சதைப்பக்கத்தில், தரக்குறி போடும் பென்சிலாலேயே பதினொரு டேக் எழுதினேன். ஈரம் பட்டால் ஊதாவாகி ஊறிவிடும் பென்சில் அது. என் கை எப்போதும் வியர்க்கும்.

வெள்ளைக்காரர் வந்து நின்றபிறகுதான் தங்கச்சி சொன்னாள்: "நேத்து கழிச்சதுல நாலஞ்சு மேல்பக்கம் நல்லா இருந்துச்சுண்ணா. எடுத்து இவருக்கு அடுக்கின லாட்டுல போட்டுட்டோம்."

நான் எழுதிய தோலும் அந்தக் கழிவில்தான் கிடந்தது. நூற்றிருபது தோல். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் புரட்டுவார்கள்.

"இன்னாண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா, நீ புரட்டு."

புரட்டப் புரட்ட எண்ணிக்கொண்டே நின்றேன். அறுபது தாண்டியது. எண்பது தாண்டியது. கடவுளே, அது கழிவிலேயே தங்கியிருக்கட்டும். தொண்ணூற்று மூன்றாவது புரண்டபோது ஊதா எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

வெள்ளைக்காரர் குனிந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பாய் என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரர் நிமிர்ந்து, "டேக் திஸ் ஒன் அவுட். புட் த ரெஸ்ட் பேக்" என்றார்.

முதல் பாதி என் பட்டியலில் ஏழாவது. பாய்ந்து அந்தத் தோலை வெளியே எடுத்தேன். இரண்டாம் பாதியில் நின்றுவிட்டேன். புட் வரை நான் போகவில்லை. அதற்குள் அக்கா மீதித் தோல்களை அள்ளிப் பழைய இடத்தில் அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா புரிஞ்சுது?"

"அவர் கையப் பாத்தா தெரியாதா? இதுக்குப் போய் ஒரு தோலைக் கெடுத்தியேண்ணா!"

தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மீதி லாட்டை வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் கார் கிளம்பியதும் பாய் அந்தத் தோலை என் தோளில் போட்டார்.

"வேலையில இரு. ஆனா இது உன் கணக்கு. நாப்பது ரூபா, வாரத்துக்கு அஞ்சு."

அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கி புட் ஆரம்பித்தேன். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. அது வரைக்கும் வந்தபோது பாய்க்கு இன்னும் இருபத்தைந்து ரூபாய் பாக்கி.