வாசித்த நேரத்தையும் எழுதிவைக்கும் சர்வர்

இன்று மாத்தளையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் பார்க்கக் கூப்பிட்டார்கள். டேட்டாபேஸ் நகரவே மாட்டேன் என்கிறதாம். லக்கலயிலிருந்து விடிய பஸ் பிடித்து வந்தவர்கள் ரிப்போர்ட்டுக்காக வாசலில் காய்கிறார்கள்.

பார்த்தால், ஒவ்வொரு ஃபைலை வாசிக்கும்போதும் வாசித்த நேரத்தை டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கிறது சர்வர். அந்த செட்டிங்கை நிறுத்தினேன். ரிப்போர்ட்டுகள் மளமளவென்று வந்தன.

அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்று இங்கே மேனேஜரானவர், நான் நிறுத்தியதைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"ஐயோ, திருப்பிப் போடுங்க மிஸ்! யார் எப்ப பார்த்தாங்கன்னு பதிவு இருக்கணும்."

"யாருன்னு அது எழுதாது சேர். நேரம் மட்டுந்தான்."

"நேரமாவது இருக்கட்டுமே!"

திருப்பிப் போட்டேன். வரிசை மறுபடி நின்றது.

வாசலில் செக்யூரிட்டி பதிவுக் கொப்பியை நீட்டினார். "போற நேரத்த எழுதிட்டுப் போங்க மிஸ்."

உங்கள் ஆபீஸில் கொட்டாவிக்கும் கொப்பி உண்டா?