கல்யாண எழுத்து

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் வேலை செய்த அச்சகத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் பல வகை இருந்தன. ஆனால் அழகு என்றால் ஒன்றுதான். வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். இறங்கும் கோடு நல்ல தடிப்பு, ஏறும் கோடு தலைமுடி போல மெல்லிசு. ரப்பர் தோட்டத்துத் துரைமார் கல்யாணத்துக்கும் கிளப் விருந்துக்கும் அதில்தான் கார்டு அடிக்கச் சொல்வார்கள். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் பட்டறையில் அது கல்யாண எழுத்து.

அதை அச்சுக் கோப்பவர் என் அக்காவின் கணவர். நானும் அங்கேயே எழுத்து கோத்தேன் என்றாலும், அந்தப் பெட்டியை மச்சானைத் தவிர வேறு யாரையும் தொட முதலாளி விடமாட்டார். ஜே, எஃப் இரண்டுக்கும் வால் ஈயக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் முரட்டுத்தனமாக அழுத்தினால் ஒடிந்துபோகும். மச்சான் பூப்பறிக்கிற மாதிரி எடுத்து வைப்பார்.

ஜப்பான்காரன் வந்ததும் தெருவில் இங்கிலீஷ் போர்டுகள் இறங்கின. கல்யாண எழுத்துப் பெட்டியும் ஒரு மூலைக்குப் போய், அதன் மேல் கோணி விழுந்தது. நாங்கள் அரிசிக் கூப்பனும் தடை உத்தரவும் அடித்தோம். அரிசி என்கிற சொல்லைக் கோத்துவிட்டு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

மறுவருடம் ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். கூடவே அவனுக்கு மொழிபெயர்க்கும் நம்மூர் ஆள் ஒருவன்.

"கிள்ளான்ல பெரிய விருந்து, முதலாளி. சாப்பாடு, அப்புறம் படம். தோட்டத்து ஆளுங்க, டவுன் ஆளுங்க எல்லாருக்கும் கார்டு கொடுக்கணும்" என்றான் அவன். "மலாய்லதான் போடணும். ஆனா எழுத்து, துரைங்க கல்யாணத்துக்கு அடிப்பீங்களே, அதான் வேணும்லா."

பிறகு மூவரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. ஜப்பான்காரன் முன்னால் யாருக்குத்தான் முகம் வெளுக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சானுக்கோ ஒரே சந்தோஷம். கோணியை எடுத்துப் போட்டு, எழுத்துகளை மண்ணெண்ணெயில் துடைத்துத் துடைத்து வைத்தார். "பாருடா, ஒண்ணு கூட மழுங்கல" என்றார். அச்சு ஓடத் தொடங்கியதும் ஒரு ஜேயின் வால் ஒடிந்தது. இயந்திரத்தை நிறுத்தி வேறு எழுத்து மாற்றினோம். வாலில்லாத ஜே விழுந்த கார்டைக் கழிவில் போடாமல் மச்சான் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

விருந்து நாளன்று எனக்கு மலேரியாக் காய்ச்சல். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"வரலியாடா? இந்த ஒரு கார்டுலயே ரெண்டு பேரும் போயிரலாம்."

"முடியல மச்சான். நீங்க போய்ட்டு வாங்க."

"சரி, படு. சோறு போட்டா துண்டுல முடிஞ்சு கொண்டாரேன்."

அக்கா கைக்குழந்தையோடு வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

அவர் திரும்பவில்லை. படம் பாதி ஓடும்போதே கொட்டகைக் கதவுகளைச் சாத்திவிட்டார்களாம். வெளியே லோரிகள் வரிசையாக நின்றனவாம். வயதானவர்களையும் பெண்களையும் விட்டுவிட்டு, மற்றவர்களை அப்படியே ரயிலேற்றி, சயாமில் தண்டவாளம் போட அனுப்பிவிட்டார்கள். அப்படி விட்டுவிட்ட ஒரு கிழவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலாளி வீட்டுக்கு வந்து அக்காவிடம், "மூணு மாசத்துல வந்துருவான்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து ஒருவன் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். மச்சான் காலராவில் போய்விட்டதாகச் சொன்னான். அக்கா அழவில்லை. "அங்க சோறாவது போட்டாங்களா?" என்று கேட்டாள்.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வெற்றி விருந்துக்குக் கார்டு வேண்டுமாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனிமே அந்தப் பெட்டிய நீதான் பாத்துக்கணும்" என்றார். எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மருமகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேச்சுவாக்கில் சொன்னான்:

"கிள்ளான் விருந்து கார்டு எனக்கும் வந்துச்சுண்ணே. கிளம்பியே போய்ட்டேன். மாமாதான் வாசல்ல மறிச்சு, போகக்கூடாதுன்னுட்டாரு. நல்ல காலம்."

கையிலிருந்த எழுத்தைப் பெட்டியில் வைத்தேன். எழுந்து உள்ளறைக்குப் போனேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

முதலாளி எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "ஊர்ல சொல்லியிருந்தா ஜப்பான்காரன் என் தலைய வெட்டி ரோட்டுல வச்சிருப்பான்" என்றார்.

"ஊருக்குச் சொல்ல வேணாம். மச்சான் தினமும் உங்க எதிர்லதான நின்னு வேலை பாத்தாரு. அவர்கிட்ட மட்டும், காய்ச்சல்னு படுத்துக்கோன்னு ஒரு வார்த்தை?"

"அவன் போவான்னு நான் நினைக்கல. அவனுக்குக் கார்டே கொடுக்கலியேப்பா."

அவர் சொன்னது பொய்யில்லை. மச்சான் கொண்டுபோனது கழிவில் போகவேண்டிய அந்த வாலில்லாத கார்டு. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

துடைத்தது பாதி, துடைக்காதது பாதியாக விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த அச்சகத்துக்குப் பிறகு போகவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அக்கா நாலு வீட்டுத் துணி துவைத்துப் பிள்ளையை வளர்த்தாள். மருமகன் சொன்னதை அவளிடம் சொன்னபோது, "அவர் மருமகப் பிள்ளையக் காப்பாத்தினாரு, வேற என்ன செய்வாரு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக அவள் நடக்கவே இல்லை.

முதலாளி நன்றாகத்தான் இருந்தார். இரண்டாவது இயந்திரம் வாங்கினார். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான்.