மாமனார் வைத்த பொட்டு

என் ஜீப்பில் ஒரு தடவையாவது மாமனாரை ஏற்றிப்போய் சந்தவாசலில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் என் ஒரே லட்சியம் அதுதான். “மாப்ள வண்டில ஏறுனா வூடு போய்ச் சேர முடியாது” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மலைமேல் நாங்கள் இருந்த ஜமுனாமரத்தூருக்கு எப்போதும் பஸ்ஸிலேயே வந்து போனார். மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வந்தவரை, சாயங்காலம் ஜீப்பிலேயே திரும்ப வேண்டும் என்று என் மனைவி அழுது சம்மதிக்க வைத்தாள். ஆனால் முந்தின வாரம்தான் ஒரு மாடு முட்டி ஜீப்பின் முன் கிரில் தகரம் உடைந்திருந்தது. பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்த வேறொரு கிரிலை மாட்டக் காலையிலேயே உட்கார்ந்தேன்.

கிரிலின் பின்பக்கம் நான்கு ஸ்டட், அதாவது தலையில்லாத மரையாணிகள். திருகத் திருக உள்ளே போகும், வெளியே வரும். குறைவாக நீட்டினால் நட்டு பிடிக்காது. அதிகம் நீட்டினால் பின்னால் இருக்கும் ரேடியேட்டரைக் குத்தும். தகரம் நெளிந்திருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. இரண்டு மணி நேரம் வைத்து வைத்துப் பார்த்து, எதுவரை திருக வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு புள்ளி வைத்தேன். சாக்பீஸ் இல்லாததால் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். பிறகு டீ குடிக்கப் போனேன். அங்கேதான் கெட்டது.

திரும்பி வந்தால் மாமனார் கிரில் முன்னால் பக்தியோடு குந்தியிருந்தார். நான்கு ஸ்டட்டையும் பளபளவென்று துடைத்து, புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும்கூட வைத்திருந்தார்.

“இன்னா மாப்ள, அரையுங்கொறையுமா பொட்டு வெச்சிருந்தீங்க. நான் நல்லா வெச்சிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருப்பேன். பெண் கொடுத்தவராயிற்றே. “சரிங்க மாமா” என்றேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று மனைவி வேறு கற்பூரத்தோடு நின்றாள். மறுபடி அளக்க நேரமில்லாமல் குத்துமதிப்பாகத் திருகி மாட்டினேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் கும்பிட்டோம்.

சாயங்காலம், இறக்கத்தில் மூன்றாவது வளைவிலேயே ஆவி கிளம்பியது. பானெட்டைத் திறந்தேன். ஒரு ஸ்டட் ரேடியேட்டரைத் துளைத்துத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் முனையில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது.

மாமனார் இறங்கினார். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை நீட்டினார்.

“நான் மட்டும் பொட்டு வெக்கலன்னா இவ்ளோ தூரங்கூட வந்திருக்காதுங்க மாப்ள.”