சம்மந்தியம்மாவும் எங்க பஸ் விசிலும்

ஏரல்–ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸுக்கு நான் டிரைவர், சங்கிலிபூதத்தான் கண்டக்டர். பதினாறு வருசமா அவன் விசில்தான் என் காலை ஆட்டுது. நீட்டி ஒண்ணு ஊதினா நிப்பாட்டணும். சின்னதா ரெண்டு ஊதினா கிளம்பணும்.

அவன் மக நித்யா நார்வேயில நர்ஸு. அங்கன வடகோடியில பனிமான் மேய்க்குத ‘சாமி’ங்கிற பழங்குடி இனத்துப் பையனைக் கட்டிக்கிட்டா. சம்மந்தியம்மா ஊருக்கு வரப்போறாங்கன்னதும் இவன் அவங்க பாஷையைப் படிக்க ஆரம்பிச்சுட்டான்.

அவங்களுக்கு மீன்னா ‘குவொல்லி’. மீனோட தலைன்னு சொல்ல வந்தா அது ‘குவொலி’ன்னு மெலிஞ்சிருமாம். நம்ம ஆறு ‘ஆத்துல’ன்னு தடிக்கும்லா, அதுக்குத் தலைகீழ். அந்த அளவு நாக்குக்குப் பிடிபடலைன்னு விசிலை வச்சுப் பழகினான். ‘ல்லி’க்கு நீட்டி ஊதுவான், ‘லி’க்குச் சின்னதா. அவன் நீட்டுத ஒவ்வொரு தடவையும் நான் பிரேக்கை மிதிப்பேன், சனம் முன்னால சாயும்.

“ஏலே, டிக்கெட்டை மட்டும் கிழி. என் உசிரை வாங்காத”ன்னு ஏசுவேன். கேட்டாத்தானே.

போன வாரம் சம்மந்தியம்மா எங்க பஸ்ஸுல ஏறி முன்சீட்டுல உக்காந்தாங்க. பக்கத்துல மீன்காரம்மா கூடை. பஸ் ஆத்துப் பாலத்துல போகையில சங்கிலி விசிலைப் பையில போட்டான், கூடையைக் காட்டி “குவொல்லி”ன்னான். சரியான அளவு. அந்தம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவங்களும் நல்லா நீட்டி அழுத்தி, “குவொல்லி”ன்னாங்க.

ஒருத்தரும் விசில் ஊதல. பஸ் நட்டநடுப் பாலத்துல நின்னுட்டு.