மாடிப்படி ஏறிய கட்டில்

அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறை வைத்துக்கொண்டு நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, தொழில் தொடங்குவது எப்படி என்று கடல் தாண்டி இருக்கிறவர்களிடம் போய்க் கேட்டார் என் தங்கை புருஷன். அந்தக் கோபம் பல வருஷம் எனக்குள் புகைந்துகொண்டே கிடந்தது.

மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலை. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் தரையில் கிடந்து அவதிப்படுவதைப் பார்த்துப் பார்த்து, தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு விடலாம் என்று கிளம்பிவிட்டார். வேலையையும் விட்டாயிற்று. இது கவிழ்ந்தால் திரும்பிப் போக இடமில்லை. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் இதே தொழில் செய்த ஒருவர், மாப்பிள்ளையை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டார்.

"உள்ளூர்க்காரன் ஏன் மச்சான் வாயைத் திறப்பான்? அவன் வாடிக்கையை நான் பிடுங்கிடுவேன்ல. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு அந்தப் பயம் இல்லையே."

மாப்பிள்ளை பேச்சில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல்.

வெளிநாட்டில் இதே தொழில் செய்கிறவர்களைப் போனில் தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் எழுதினார். அவர்கள் பாஷைக்குப் போனே மாற்றிவிடும். ஆனால் அந்நியருக்கு எழுதத் தெரியாத மனுஷன். சொந்தக்காரரை விசாரிப்பதுபோல உடம்பு எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டு, தன் கல்யாணக் கதையும் சொல்லி, கடைசி வரியில்தான் கட்டிலுக்கு வருவார். ஒருவரும் மசியவில்லை.

"என்ன மாப்ளே, சம்பந்தி வீட்டுலேருந்து பதில் வந்துச்சா?"

"அண்ணே, பட்டறையில போய் இரும்பைத் தட்டு. இங்க வந்து அவரைத் தட்டாத" என்பாள் தங்கை.

கடைசியில் ஒரே ஒருவர் பதில் போட்டார். கட்டில் வாடகைத் தொழிலிலேயே தலை நரைத்தவர். 'தூக்கித் தூக்கி உங்கள் முதுகு என்ன கதியில் இருக்கிறது?' என்று மாப்பிள்ளை கேட்டிருந்தாராம். 'என் முதுகைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை' என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்ன முதல் யோசனை: கட்டிலை வாங்காதே, முதலில் மாடிப்படியை அள.

டேப்பை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊரில் வீடு வீடாகப் படி ஏறி இறங்கினார். வீட்டு புரோக்கர் என்று நினைத்துச் சிலர் வாடகை விசாரித்தார்கள். அளந்து பார்த்தால், பாதி வீடுகளில் படி வளைகிற இடத்தில் கட்டில் திரும்பாது. மாப்பிள்ளை முகம் தொங்கிப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தங்கை வீட்டுக்குள் நுழைந்தபோது, மாப்பிள்ளையும் அந்த வெளிநாட்டுக்காரரும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். போன் ஒரு பெண் குரலில் மாற்றிச் சொன்னது: "கட்டிலை இரண்டாக அறுத்து, மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய்துதர அங்கே ஆள் உண்டா?"

"இருக்காரு சார். என் மச்சான். கை தங்கம். வாய்தான் கொஞ்சம் நெருப்பு."

திரும்பினார். பின்னால் நான். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"ஏன் மாப்ளே, எங்கிட்ட முதல்லயே கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க மச்சான். நீங்க சொல்லிட்டா நான் தொடங்கியே இருக்க மாட்டேன்."

மறுநாளே பழைய கட்டில் ஒன்றை நடுவில் அறுத்து, போல்ட் போட்டுக் கொடுத்தேன். வளைவெல்லாம் திரும்பி மேல்மாடி வரை ஏறியது. தொழில் காலூன்றிவிட்டது. தங்கை வயிறாரச் சாப்பிட்டாள். என் கோபம் மட்டும் பாதிதான் ஆறியது.

வருஷங்கள் கழித்து மாப்பிள்ளைக்குத் தொண்டையில் புற்று. தன் கட்டிலிலேயே படுத்திருந்தார். ஒரு மத்தியானம் போன் அடித்தது. வேறு ஏதோ தேசத்துப் பெண். மாப்பிள்ளைக்கு யோசனை சொன்ன அந்த முதுகுக்காரர்தான் நம்பர் கொடுத்தாராம். அவளும் கட்டில் வாடகைக்கு விடப்போகிறாள், எப்படித் தொடங்குவது என்று கேட்டாள்.

மாப்பிள்ளைக்குக் குரல் எழும்பவில்லை. போனை என் கையில் திணித்தார்.

"நீங்க சொல்லுங்க மச்சான்." வெறும் காற்றாகத்தான் வந்தது. "வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."